வியாகுலம்மாளின் வலது கை

பொண்டாட்டியைப் பத்து நாளாவது ஒரே இடத்தில் உட்கார வைப்பது என்று அருள்நாதன் சபதம் எடுத்தார். கிரேனில் கன்டெய்னர் தூக்கிய மனுஷன். வேலை போய் ஆறு மாதம். வியாகுலம்மாளை உட்கார வைப்பதற்குக் கிரேன் பத்தாது.

அவள் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரி போனார்கள். இதயம் நைந்துவிட்டது, வேலை கூடவே கூடாது, அப்படியும் அதிக நாள் இல்லை என்று டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்து அவர் சொன்னது: "வாயுவாம்."

ஓய்வெடு என்றால் கேட்கிற ஆளில்லை. அதனால் ஒரு தந்திரம். போனில் வீடியோ பார்த்து பெயின்டிங் கற்றுக்கொள்கிறாராம். உழைக்கிற ஆளை அச்சு அசலாக வரையணுமாம்.

"மே, நீ சும்மா குந்து. போதும்."

"சும்மா குந்தினா அது நானாய்யா? தெனம் ரெண்டு சங்கரா வாங்கியா. வெட்டிக்கினே குந்துறேன்."

மார்க்கெட்டில் ஐம்பது கிலோ, இங்கே ரெண்டு மீன். அருள்நாதன் உள்ளுக்குள் ஜெயித்துவிட்டார்.

படம் கேவலம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூக்கு கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அவளோ மூக்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இன்னாய்யா, தலையிலேர்ந்து வாலுக்கு சொரண்டுற மாதிரி போட்டுகீறே? செதில் வருமா? வால்லேர்ந்து மேல. அழி."

அழித்தார்.

"செவுளுக்குள்ள எந்த வெரல் போவுது? கிட்ட வந்து பாரு."

"நாறுதுமே."

"படத்துல நாறாது. பாரு."

பச்சை மீன் வாடைக்கே முப்பது வருஷமாகக் குமட்டுகிறவர், பத்து நாள் அந்தக் கையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

பதினோராம் நாள் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு இரைத்தது. அருவாமனையை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீ வெட்டு."

"படம் முடியலியே."

"படத்த வுடு, கலீஜா கீது. மார்க்கெட்ல என் எடம் காலியா கெடந்தா வேற ஆளு குந்திடும். திங்கக்கெழமைலேர்ந்து நீ போய்க் குந்து. நான் பூட்டா இன்னாத்தத் துன்னுவே?"

"எங்க போறே? வாயுதானே..."

"வாயுக்கு எவன்யா பொண்டாட்டி கால அமுக்குவான்? முப்பது வருஷத்துல ஒரு நாள் அமுக்கினியா? இப்ப தெனம் ராத்திரி அமுக்குறே."

அருள்நாதன் அருவாமனை முன்னால் குந்தினார். மீனை எடுத்தார். வாலிலிருந்து மேலே சுரண்டினார். செவுளைப் பிடுங்கினார். வெட்டினார். ஒரு துண்டாவது கோணலாக வந்திருந்தால், இன்னும் பத்து நாள் உட்கார்ந்து திட்டியிருப்பாள்.

பாழாய்ப்போன ஆறு துண்டும் ஒரே அளவு.