டொக்குவின் ஐந்தாவது சத்தம்

கடலூர் முதுநகரில் தொடங்கிச் சிதம்பரம் வரைக்கும் எத்தனையோ பேர் டிரம் வாசித்திருக்கிறார்கள். கையால் அடித்திருக்கிறார்கள், குச்சியால் அடித்திருக்கிறார்கள். ஒருத்தர் ஒரு காதுகுத்தில் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டு வந்து தலையாலேயே முட்டி அடித்திருக்கிறார். ஆனால் டிரம்மை ராகம் போட்டுப் பாட வைத்தவன் இந்த உலகத்திலேயே ஒரே ஆள்தான். எங்கள் டொக்கு.

இப்போது அவன் பாண்டிச்சேரியில் இருக்கிறான். தாடி வைத்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவன் வாசிப்பதைக் கேட்கிறார்களாம். அவனை "சார்" என்று கூப்பிடுகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் புரையேறி, மருமகள் வந்து தலையில் தட்டினாள். அவள்தான் இதையும் எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை அவள் ஒழுங்கு பண்ணி எழுதுவாள். என்ன ஒழுங்கு பண்ணுகிறாள் என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் வீட்டுக்காரர் மைக்செட் கடை வைத்திருந்தார். அதோடு ஒரு பாட்டுக் கச்சேரி பார்ட்டியும் நடத்தினார். டொக்கு ஒருநாள் ஆம்ப்ளிபையர் ரிப்பேர் பண்ண வந்தான். ரிப்பேர் அரை மணியில் முடிந்தது. அவன் மட்டும் வருஷக்கணக்கில் போகவே இல்லை. ஷெட்டில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொண்டான். என்னை அக்கா என்றான். அதனால் எங்கள் வீட்டுக்காரர் அவனை மச்சான் என்றார். பெற்றவர்கள் அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அவனுடைய சொத்து ஒரு டிரம் மிஷின். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒரு பாய் வீட்டில் அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார்களாம். அவர்களுடைய டி.வி.யைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு, இதை வாங்கி வந்துவிட்டான். முறுக்கு டின்னைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். மேலே வரிசையாகத் திருகுகள். பொத்தானைத் தட்டினால் "டொக்கு" என்று ஒரு சத்தம் வரும். பையன் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"இப்ப வர்ற பொட்டியிலெல்லாம் யாரோ அடிச்ச சத்தத்த புடிச்சி அடைச்சி வெச்சிருக்கான் அக்கா. இதுல அதெல்லாம் கெடையாது. வெறும் கரண்டு. நாமதான் திருவித் திருவி சத்தத்த உண்டாக்கணும்" என்பான்.

"அப்ப கரண்டு போச்சின்னா நீ வாயாலயே டொக்கு டொக்குன்னு சொல்லுவியா மச்சான்?" என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

கல்யாணக் கச்சேரிக்கு அவனிடமிருந்து என்ன வேண்டும்? டங்கு டக்க, டங்கு டக்க. அவ்வளவுதான். அவனும் போடுவான். ஆனால் கை சும்மா இருக்காது. பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். டொக்கு மெதுவாக ஒரு திருகைத் திருகினான். தாளம் கொஞ்சம் நிதானமாயிற்று. இன்னொன்றைத் திருகினான். டக் என்று நிற்கவேண்டிய சத்தம் கோயில் மணி மாதிரி நீண்டது. எக்கோவையும் சேர்த்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பையன்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்கள் மாதிரி கையைக் காலை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "எனுக்கு எங்க ஆயா நெனப்பு வந்துடுச்சிடா" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் வேனில் வரும் வழியெல்லாம் கத்தினார்.

"கல்யாண வூட்டுல அழவெக்கிறதுக்கு பொண்ணோட அம்மா இருக்காங்க. நீ எதுக்குடா?"

அந்த மிஷினுக்கு இன்னொரு குணம் உண்டு. வெயில் ஏறினால் சத்தம் இறங்கிவிடும், இல்லையென்றால் ஏறிவிடும். அதனால் எங்கே போனாலும் டொக்கு முதலில் தேடுவது ஃபேனைத்தான். நெல்லிக்குப்பத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று கொண்டுவந்து வைத்த டேபிள் ஃபேனை எடுத்து மிஷினுக்குத் திருப்பிவிட்டான். அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏம்பா, நான் சம்பந்தி. எனக்குக் காத்து இல்ல, இந்த டப்பாவுக்குக் காத்தா?"

"உங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம்மா. இதுக்கு வேர்த்தா சுருதி போயிடும்."

கல்யாணம் நின்றுபோகாமல் இருந்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம்.

மருமகள், "அத்தை, ஆயுத பூஜைக் கதைக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன், வராமல் எங்கே போகப் போகிறேன்? தப்புப் பண்ணியது நான் என்பதால்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

டொக்கு ஒரு பாட்டு உண்டாக்கினான். அந்த மிஷினிலேயே, அதிலுள்ள ஐந்து சத்தத்தை வைத்தே. பாடகர் கிடையாது, கீபோர்டு கிடையாது. மாசக்கணக்காகத் தினமும் காலையில் நான் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும்போது ஷெட்டுக்குள்ளிருந்து கேட்கும். முதலில் தூரத்தில் ஆள் நடந்துவருகிற மாதிரி இருக்கும். அப்புறம் மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி. எந்தச் சத்தத்துக்குத் திருகு எங்கே நிற்கவேண்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான். ஐந்தாவது புள்ளியையும் வைத்துவிட்டு ஓடிவந்து, "முடிஞ்சிதுக்கா! ஒரு வாட்டி நாலு பேரு முன்னால இத முழுசா வாசிச்சிட்டன்னா போதும்" என்றான்.

அதற்கு மறுவாரம் ஆயுத பூஜை. ஆம்ப்ளிபையர், மைக், ஸ்பீக்கர், வேனின் ஸ்டியரிங், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். டொக்குவின் மிஷினை மட்டும் விடுவேனா? ஈரத்துணி போட்டு நன்றாக, அழுந்தத் துடைத்தேன். யாரோ பேனாவால் கிறுக்கி வைத்திருந்தார்கள், அதையும் தேய்த்து எடுத்தேன். திருகுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் அழகாக ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கோயில் மாதிரி இருந்தது.

டொக்கு வந்து பார்த்தான். கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போய் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டான். எட்டு இட்லி சாப்பிடுகிறவன் இரண்டோடு எழுந்தான். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரரிடம் விஷயம் கேட்டேன். நான் தேய்த்து எடுத்தது அவன் பாட்டையாம்.

"புள்ளி போனா போவுது மச்சான். டங்கு டக்க வருதுல்ல?" என்றார் அவர்.

"அது வருது மாமா. அதுக்கு நான் எதுக்கு?" என்றான்.

காட்டுமன்னார்கோயிலில் அவனுடைய கூடப்பிறந்த அக்கா புருஷனின் ரைஸ் மில்லில் ஒரு வேலை இருந்தது. ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அதை முடித்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிடுகிறேன், மிஷினைப் பரண்மேல் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஷெட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"அக்கா! என்னா அது?"

"எது?"

"இப்ப வாயில முணுமுணுத்தியே, அது!"

எனக்கே தெரியவில்லை. அவனுடைய பாட்டைத்தான் முணுமுணுத்திருக்கிறேன். தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அட, உன் பாட்டு உனக்கே தெரியாதா?" என்றேன்.

"நான் புள்ளிய நம்பிட்டன் அக்கா. காதுல வெச்சிக்கல."

கரிக்கையோடு என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மிஷின் முன்னால் உட்கார வைத்தான். அவன் திருகுவான், நான் சொல்வேன்.

"இது இல்ல. இது பால்காரன் மணி."

"இப்ப?"

"இப்ப தேங்கா ஒடைக்கிற மாதிரி இருக்குது. அது இளநி வெட்டுற மாதிரி இருக்கும்."

"இளநியா? இரு… இப்ப?"

"ஆங்! ஆனா கொஞ்சம் முத்திப்போன இளநி."

இப்படியே நாலு நாளில் நாலு சத்தத்தைப் பிடித்துவிட்டோம். வீட்டில் குழம்பு தீய்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஓட்டலில் சாப்பிட்டார். ஐந்தாவது மட்டும் சிக்கவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் போகிற பெரிய சத்தம்.

"அதில்லாம நாலு இருந்து என்னாக்கா புண்ணியம்? தரையில்லாத வூடு மாதிரி" என்று பையை எடுத்துக் கட்டிவிட்டான். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

சிதம்பரத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதனால் நானும் போயிருந்தேன். பெரிய பந்தல். ஒரு பக்கம் மேடை, ஒரு பக்கம் பந்தி. தாலி கட்டி முடிந்ததும் பாட்டுக்காரர்கள் எல்லாரும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் தாளம் தப்பவே மாட்டார்கள். மேடையில் டொக்கு மட்டும் தனியாக இருந்தான். காலடியில் அவன் பை. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தூம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். டொக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினேன்.

தூ…ம்.

"இன்னும் கீழ!" என்று கத்திவிட்டேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

தூ……ம்.

"கீழ போயிடுச்சி, ஆனா சீக்கிரம் நின்னுடுது! தேவனாம்பட்டினம் பீச்சுல அல திரும்பிப் போனதும் மணலு தண்ணிய உறிஞ்சுமே, அந்த மாதிரி!"

பக்கத்து இலையில் மீசைக்காரர் ஒருவர் பாயசத்தைக் கீழே வைத்தார். "ஏம்பா, அந்தம்மா என்னா கேக்குதோ அதக் குடுப்பா!"

"கொஞ்சம் ஏத்துப்பா" என்றது எதிர் வரிசை.

"ஏத்தாத! அவுங்க எறக்கச் சொல்றாங்க!" என்றது இந்த வரிசை.

எங்கள் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா, "யோவ், பாட்டு எப்ப?" என்று மேடையைப் பார்த்து ஓடினார். டொக்கு ஒரு மயிரிழை திருகினான்.

வந்தது. காலுக்கு அடியில் வந்து, முட்டிக்கு ஏறி, மெல்ல மெல்ல மண்ணுக்குள் போயிற்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "அதான்! அதேதான்! கைய எடு! தொடாத!"

சூடு பட்டவன் மாதிரிக் கையை எடுத்தான். பெண்ணின் அப்பா மேடைப் படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றார். டொக்கு அவரைப் பார்க்கவில்லை. மற்ற நாலு சத்தத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே விட்டான்.

மாசக்கணக்காக நான் கேட்ட பாட்டுத்தான். ஆனால் பாத்திரச் சத்தம் இல்லாமல், குழாய்ச் சத்தம் இல்லாமல் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். சாம்பார் வாளிக்காரர் வாளியோடு நின்றார். மீசைக்காரர் மேலே பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லார் கையிலும் சோறு.

டொக்கு மெதுவாக மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. பை தோளில் இருந்தது.

"வாசிச்சிட்டன் அக்கா. பஸ்சுக்கு நேரமாச்சி" என்றான்.

"பஸ்சு நாளைக்கும் வரும்" என்று எச்சில் கையோடு பையைப் பிடுங்கி என் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "போ. இன்னொரு வாட்டி வாசி, தம்பி."