சபை கூடட்டும்

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். எம்.எல்.சி. அய்யா பிச்சுமணிக்குத் தரவேண்டிய எண்ணெய் தேய்ப்புக் கூலி. பதினாலு தேய்ப்பு. குற்றாலத்தில் மற்றவர்களுக்கு முந்நூறு, அய்யாவுக்கு மட்டும் இருநூற்று எண்பது. பெரிய மனுஷரிடம் முழுக்கூலி சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது.

அய்யாவின் பேர் முத்துக்குமாரசாமி, வயது எண்பத்திரண்டு. போன வருஷம்தான் மகள் லோகநாயகியோடு மெட்ராஸிலிருந்து வந்து குடியேறினார். வாசலில் ஒரு தேக்குப் பலகை: 'மேலவை உறுப்பினர்.' இருபது வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த பிச்சுமணி அதைக் கூட்டிக் கூட்டி வாசித்தான். பேர் இருக்கவேண்டிய பக்கம் அறுபட்டிருந்தது. எல்லாருக்கும் தெரிந்தவருக்குப் பேர் எதற்கு என்று நினைத்துக்கொண்டான்.

தேய்க்கும்போது அய்யா கண்ணைத் திறக்காமலே, பெருவிரலைக் கொடுக்காதே, உள்ளங்கையால் இறக்கு என்பார். அப்படிச் செய்தால் பிச்சுமணிக்குக் கை கடுக்காது. படித்தவர்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

கூலி என்றால் மட்டும் ஒரே பதில்.

"சபை கூடட்டும்லே."

வீட்டில் மனைவி உலகம்மாள் கேட்டாள். "எப்பதான் கூடுமாம்?"

"அது மேல உள்ள சபை. நம்ம அவசரத்துக்குக் கூடுமா?"

மகள் அபர்ணாவுக்கு நர்சிங் பரீட்சைக் கட்டணம் கட்ட செவ்வாய்க்கிழமை கடைசி. வெள்ளிக்கிழமை பிச்சுமணி கேட்டே தீர்வதென்று போனான். அய்யா முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ கேட்டது.

"அய்யா, இடுப்பு வலி எப்படி இருக்கு?"

இருக்கத்தான் செய்கிறது என்று அய்யா குப்புறப் படுத்துவிட்டார். பதினைந்தாவது தேய்ப்பு. பாக்கி நாலாயிரத்து இருநூறு ஆனது.

"கேட்டியளா?" என்றாள் உலகம்மாள், வீடு திரும்பியதும்.

பிச்சுமணி பேப்பரும் பேனாவும் எடுத்தான். வாயால் முடியாததை எழுத்தால் கேட்டுவிடலாம். அறிவொளி வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரே கடிதம் மனு. அதே மாதிரி, உயர்திரு அய்யா அவர்கள் சமூகத்துக்கு, எண்ணெய் தேய்த்த கூலி ரூபாய் 4200 கிடைக்க ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்ததை அய்யா இரண்டு தடவை படித்தார். எழுந்து சட்டை மாட்டினார்.

"உழைச்சவன் கூலியைத் தின்னது எவம்லே? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

உங்களைத்தான் அய்யா என்று சொல்ல அவனுக்கு அப்போதும் வாய் வரவில்லை.

தென்காசிக்கு ஆட்டோ வாடகையும் பிச்சுமணிதான் கொடுத்தான். மனுக்களைப் பதிவு செய்யும் மேஜையில் மாஜிதா என்ற பெண் இருந்தாள். கூலி தரவேண்டியவர் யார் என்று கேட்டாள். பிச்சுமணி அய்யாவைப் பார்த்தான். அய்யா அவனை ஆறுதலாகப் பார்த்தார்.

"சுரண்டை ஊர்க்காரன் ஒருத்தன். பேரு தெரியாது" என்றான் பிச்சுமணி.

பேரில்லாமல் மனுவை வாங்க முடியாது என்றாள் மாஜிதா. காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து பிச்சுமணி அய்யாவைக் காட்டினான். "இவுக மேலவை உறுப்பினரு, தாயி. சபை கூடினதும் இவுக பேசுவாக."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிதா குரலைத் தணித்தாள்.

"அண்ணாச்சி, மேலவையைக் கலைச்சு நாப்பது வருஷம் ஆகப்போகுது. இனி எங்கன கூட?"

அய்யா தரையைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் அவரை அப்படி நிறுத்திவிட்டோமே என்று பிச்சுமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கும்போது அய்யா கேட்டார்.

"அந்தச் சுரண்டைக்காரன் நான்தானலே?"

பிச்சுமணி ஆட்டோக்காரனிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்டான்.

மறுநாள் காலையில் உலகம்மாள் கம்மலைக் கழற்றி அபர்ணா கையில் கொடுத்து, அடகு வைத்துக் கட்டிவிடச் சொன்னாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரத்தில் லோகநாயகி வந்தாள். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அப்பா கணக்கைத் தீர்த்துட்டு வரச் சொன்னாவ அண்ணாச்சி."

பிரித்தான். தேக்குப் பலகை.

"அய்யாவோட பதவிப் பலகை எனக்கு எதுக்கும்மா?"

லோகநாயகி வாசற்படியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பாவுக்கும் இது இப்படித்தான் வந்துச்சு. மெட்ராஸ்ல ஒரு எம்.எல்.சி.க்கு ஆறு வருஷம் எண்ணெய் தேச்சாவ. சபையைக் கலைச்ச அன்னைக்கு அந்த ஆளு தன் பேரை மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டு, மிச்சத்தைக் கூலின்னு குடுத்துட்டுப் போயிட்டாரு."