எதிர்வீட்டு மரத்துக் கூடு

"நடுங்குது," என்றார் பிழைதிருத்தி.

"குளிரா?" என்றாள் மனைவி.

"பறவை நடுங்குது."

நடுங்கியது பறவையன்று, இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலரைப் பற்றியிருந்த அவர் கைகள். முப்பதாண்டுகளாக அச்சகத்தில் ஒற்றுப்பிழை களைந்துவந்தவர், அதை வாங்கிய கடையிலும் தொழிற்புத்தியையே உரைகல்லாகக் கொண்டார். மேசைமேல் முழங்கை ஊன்றி, சாலைக்கு அப்பாலிருந்த பெயர்ப்பலகையின் பொடியெழுத்தை எது காட்டியதோ அதை வாங்கிவிட்டார்.

எதிர்வீட்டு மரத்தில் மஞ்சள் மார்புடைய பறவையொன்று விடியல்தோறும் உருகி உருகிப் பாடிற்று. புழுவும் கவ்விச் சென்றது. ஆகவே குஞ்சுகள் உண்டு. அவை சிறகு முளைத்துப் போய்விடுமுன் கூட்டைக் கண்டுவிட வேண்டுமென்பது அவருடைய தீராத ஆவல்.

"எதிர்வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா, இது கடைக்குத் திரும்பிடும். சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

பால்கனிச் சுவரில் இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கி, அவற்றின்மேல் பைனாகுலரை அமர்த்தினார். நடுக்கம் நின்றது. ஆனால் அது இப்போது எதிர்வீட்டுச் சன்னலையே குறிவைத்து நின்றது.

"அவங்க காலண்டர்ல நேத்துத் தாளை இன்னும் கிழிக்கலை."

"கூடு பார்க்க வாங்கினீங்களா, அடுத்த வீட்டுத் தேதி பார்க்கவா?"

அந்நேரம் எதிர்வீட்டு அம்மாள் சன்னலுக்கு வந்தாள். இவர் பக்கம் பார்த்தாள். கணவரை அழைத்துக் காட்டினாள்.

மறுநாளே பைனாகுலரைக் கடையில் கொடுத்துவிட்டு உள்ளங்கையளவில் ஒன்றை மாற்றி வந்தார். அது நடுங்கவில்லை. ஆயினும் அதன் சின்னஞ்சிறு கண்ணாடிக்குள் விடியல் வெளிச்சம் நுழையவே மறுத்தது. பறவை மைப்புள்ளியாகத் தெரிந்தது. நன்றாக வெயிலேறிய பின்தான் பார்க்க முடிந்தது. அதற்குள் எதிர்வீட்டார் நால்வரும் சன்னலில் கூடிவிட்டார்கள்.

"விரலை நீட்டிக் காட்டுறாங்கடி."

"காட்டாம என்ன செய்வாங்க? போதாக்குறைக்கு மாடி வீட்டுக்காரங்க தினமும் நம்ம பால்கனியில வைக்கோலைக் கொட்டுறாங்க. அதைப் போய்க் கேளுங்க முதல்ல."

மூன்றாம் முறை வந்தவரைப் பார்த்துக் கடைக்காரப் பெண் இரக்கப்பட்டாள். "எத்தனை மடங்குன்னு மயங்காதீங்க சார். எட்டு போதும். முன்கண்ணாடி நாப்பத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தா வெளிச்சம் தாராளமா வரும். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கீங்க, கண்ணு வைக்கிற இடத்துல இருக்கிற இந்த ரப்பரை மடக்கிட்டுப் பாருங்க."

விலையும் முதலாவதைவிடக் குறைவு. அன்றுதான் கண் பெற்றவர்போல் வீடு திரும்பினார்.

மறுநாட்காலை, எதிர்வீட்டார் பார்வைக்குத் தப்ப, பால்கனிக் கூரையின் கொக்கிகளில் கயிறு கட்டி இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவிலிருந்த இடுக்கின் வழியே நோக்கினார். ஆகா, இலைநரம்பு தெரிந்தது. இறகோரத்து வெண்கோடு தெரிந்தது. ஆனால் பறவை இன்று பாடவில்லை. புழுவைக் கவ்வியபடி வட்டமிடுவதும் கிளைக்கே மீள்வதுமாகத் தவித்தது. கூட்டுக்குப் போகாமல் ஏன் இந்தத் தவிப்பு? அதை மட்டும் கண்ணாடி சொல்லவில்லை.

அது வேறொன்றைக் காட்டிற்று. எதிர்வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, சின்ன மகளைக் கையில் பிடித்தபடி இவர்கள் வாசலை நோக்கி விரைந்து வந்தார்.

அழைப்பு மணி ஒலித்தது.

"போங்க, பைனாகுலரைப் பெட்டியில போட்டுக் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு மனைவி கதவைத் திறந்தாள்.

பிழைதிருத்தி முந்திக்கொண்டார். "சத்தியமா உங்க வீட்டைப் பார்க்கலைங்க. உங்க மரத்துல ஒரு கூடு..."

"ஐயோ, நாங்கதாங்க மன்னிப்புக் கேக்கணும்," என்று நெளிந்தார் வந்தவர். "பத்து நாளா குடும்பத்தோட உங்க வீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கோம்."

"எங்க வீட்டையா? எதுக்கு?"

சின்னவள் அப்பாவின் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, அந்தப் போர்வையை எடுங்க, உங்க பால்கனியில தலைக்கு மேல விளக்குக்குப் பின்னாடி இருக்கிற கூட்டுக்கு அம்மாப் பறவை வர முடியலை."