எழுந்து நிற்காத சம்பந்தி

சட்டைக்குள் வலது கையை நுழைக்கவே நல்லகண்ணுவுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. இடது கை மேலே வர மறுத்தது. மகளுக்கு நிச்சயம் பேச, பாலவனத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம்.

"எந்திரிச்சு நின்னு, கும்பிட்டு வரவேற்கணும்ங்க. சம்பந்தி ரொம்ப மரியாதை பாக்குறவுக," என்றாள் மனைவி சங்கரம்மாள். "தண்ணி குடுக்க நேரமாச்சுன்னு ஒரு பொண்ணு வீட்ட வேணாம்னுட்டுப் போயிட்டாகளாம்."

நல்லகண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அருப்புக்கோட்டையில் வத்தல் கடை. வெள்ளிக்கிழமை மகன் மாரிச்செல்வத்தோடு ஜிம்முக்குப் போய், அவன் தூக்கிய எடையை எல்லாம் தானும் தூக்கினார். சனிக்கிழமை காலையில் வலியே இல்லை. "பாத்தியாலே, மூட்டை சுமந்த ஒடம்பு!" என்று மறுபடி போய், உட்கார்ந்து எழுந்தது மட்டும் அறுபது தடவை. ஞாயிறு காலை, கட்டிலிலிருந்து அவரை இறக்க மகன் வர வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு நாள்ல தேறிரும்ப்பா. ஒங்க வயசுக்கு நாலஞ்சு நாளாகும். ரெண்டாம் நாளுதான் வலியே தெரியும்னு சொன்னேன்ல?"

"வெளிய சொன்னே, தொலைச்சுப்புடுவேன். குடும்ப மானம் என்னாகும்?"

மகன் தைலம் தேய்த்தான். தேய்த்த அழுத்தத்தில் வலது கையும் மடங்காமல் நின்றது.

"தாம்பாளத்தக் கையில குடு. கும்பிட வேண்டியதில்ல," என்றார் நல்லகண்ணு.

கொடுத்தார்கள். பழத்தின் கனத்துக்கு முழங்கால் வளைந்தது. நாற்காலியில் சொத்தென்று விழுந்தார். எழ முடியவில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா இருளப்பசாமி, தன் மகள் அனுசியாவோடு விறைப்பாக உள்ளே வந்தார். கும்பிடவில்லை.

"வாங்க, உக்காருங்க," என்றார் நல்லகண்ணு, உட்கார்ந்தபடியே.

"இருக்கட்டும்."

காப்பி வந்தது. இருளப்பசாமி தம்ளரைப் பார்த்தார், கை நீட்டவில்லை. நல்லகண்ணுவுக்குச் சுருக்கென்றது.

"எங்க வீட்டுக் காப்பியத் தொட மாட்டீகளோ?"

"எந்திரிச்சு வாங்கன்னு சொல்லாத வீட்ல என்னத்தக் குடிக்க?"

சங்கரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கோபமாகத் திரும்பிய இருளப்பசாமி, வாசற்படியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அனுசியாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்கப்பா கோவத்துல நிக்கல மாமா; முந்தாநாளு அண்ணன்கூட ஜிம்முக்குப் போனதுலருந்து அவுகளால உக்கார முடியல!"