அலை விழுங்கி

அலை அய்யா வருகிறார் என்றால் எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. அவரவர் வீட்டு டிவி ஆன்டெனாவைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பார்கள். மூன்றாம் மாடித் தையல்காரர் தம் ஆன்டெனாவுக்குப் புழுக்கமாக இருக்குமே என்று துண்டால் விசிறியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

டிவியில் படம் தெரியாமல் புள்ளி புள்ளியாகக் கொட்டுகிறதா? அய்யாவைக் கூப்பிடு! வருவார். வீட்டிலுள்ளவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். உள்ளே 'ம்ம்ம்' என்று பழைய மிக்சி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் தூசியில் கிடந்த ஆன்டெனா இப்போது ஜன்னலோரம் கம்பீரமாக நிற்கும். அதன் கொம்பில் தீப்பெட்டி அளவில் ஒரு செப்புத் தகடு தொங்கும். படம் பளிச்சென்று தெரியும்.

ஆன்டெனா இடம் மாறியது ஒருவர் கண்ணிலும் படாது. தகடு மட்டும் எல்லார் கண்ணிலும் படும். ஒரு தகட்டின் விலை ஒரு வாரக் கூலி. நானும் ஒன்று வாங்கினேன். சிரிக்காதீர்கள், நீங்கள் இரண்டு வாங்கியிருப்பீர்கள்.

என் எதிர் வீட்டில் ஓர் அண்ணன், அவர் மனைவி, அவர் தங்கை என மூன்று பேர். அண்ணன் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். பெற்றோர் போன பிறகு அவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது.

அங்கேயும் அய்யா தகடு கட்டினார். ஒயர் எட்டாததால், பீரோவுக்குப் பின்னால் இருந்த ஆன்டெனாவை ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்தார். படம் வந்தது. ஆனால் மாலை ஏழு மணிக்குத் தங்கை வேலை முடிந்து வந்து, ஜன்னலோர மேசையில் மறுநாள் துணிக்கு இஸ்திரி போட நின்றால் போதும், தொடரின் கதாநாயகி புள்ளியாக உதிர்ந்துவிடுவாள். தங்கை நகர்ந்தால் கதாநாயகி பிழைப்பாள். ஒரு வாரம் இதே கதை.

அண்ணன் அய்யாவை மறுபடி அழைத்தார். அய்யா தங்கையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு அலை விழுங்கி. காத்துல வர்ற படத்தையெல்லாம் இழுத்து உள்ள போட்டுக்குது."

"சாப்பாடே சரியா சாப்பிட மாட்டா அய்யா!" என்றார் அண்ணன்.

"எப்படிச் சாப்பிடும்? வயிறு பூரா படம்ல!"

அவ்வளவுதான். கட்டடம் முழுக்கத் தீ மாதிரி பரவியது. அவள் படியேறும்போது செய்தி வாசிப்பவரின் தலை காணாமல் போகிறது என்று கீழ்வீட்டு லாரி ஓட்டுநர் சத்தியம் செய்தார். அண்ணி ஒருநாள் சமையலறையில் அவள் காதோரம் வந்து கேட்டாளாம்: "நேத்து கடைசிப் பத்து நிமிஷம் எங்களுக்குத் தெரியல. உனக்குள்ளதானே இருக்கும்? அந்தக் கல்யாணம் நடந்துச்சா இல்லையா?"

இதுவரை வேடிக்கை. பிறகு அய்யா தீர்ப்பைச் சொன்னார். மூன்று மாதம் அவள் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதியாட்டம். அதற்கு முன்னால் அவள் வெளியேற வேண்டும். அண்ணன் பெண்கள் விடுதியில் இடம் பிடித்தார். அவளுடைய இரும்புப் பெட்டியில் துணிமணிகளை அவரே அடுக்கினார். அது அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இறுதியாட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை எதிர் வீட்டுக் கூடத்தில் கட்டடமே நெருக்கியடித்து நின்றது. அய்யா வழியனுப்ப வந்திருந்தார். அவருடைய புகழைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவின் கேபிள்காரர்கூட வந்து சுவரோரம் நின்றார். தங்கை பெட்டியைத் தூக்கவில்லை.

"போறேன். அதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அஞ்சு நிமிஷம் போதும்."

"என்ன சோதனை?" என்றார் அண்ணன்.

"கடையில தினமும் பண்றதுதான். கண்ணு சோதிக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு கண்ணாடிதான் மாத்துவேன். ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால தெளிவாச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. அய்யா ஆன்டெனாவையும் நகர்த்தினார், தகடும் கட்டினார். நான் ஒவ்வொண்ணா மாத்துறேன். நீங்க தெளிவா, மங்கலான்னு மட்டும் சொல்லுங்க."

டிவியில் பழைய கால்பந்தாட்டம் ஒன்று மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. தகட்டை அவிழ்த்தாள். ஆன்டெனாவைத் தொடவில்லை.

"தெளிவா, மங்கலா?"

"தெளிவு," என்றது கூட்டம், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

தகட்டைத் திரும்பக் கட்டி, ஆன்டெனாவைப் பழையபடி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். டிவியில் ஈ மொய்த்தது.

"இப்போ?"

"மங்கல்!"

"தகடு தொங்கிக்கிட்டுதானே இருக்கு?"

அய்யா தொண்டையைக் கனைத்தார். "தகட்டை விடு. நீ விழுங்குறதுக்கு என்ன பதில்?"

"அதையும் பாத்துடலாம்." ஆன்டெனாவை ஸ்டூலில் வைத்துவிட்டு, இஸ்திரி மேசையருகே போய் நின்றாள். படம் உதிர்ந்தது. கூட்டம் 'ஆ' என்றது. அய்யா முகத்தில் வெற்றி.

"அண்ணா, இப்போ நீங்க இங்க வந்து நில்லுங்க."

அண்ணன் நின்றார். படம் போனது. அண்ணி நின்றாள். படம் போனது. "ஐயோ, நானும் முழுங்கிட்டேனா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்னையும் நிறுத்தினார்கள். என் தொப்பைக்குப் படத்தோடு சத்தமும் சேர்ந்து போனது.

அய்யா துள்ளினார். "பாத்தீங்களா? தொத்திக்கிச்சு! மொத்தக் கட்டடத்துக்கும் தொத்திக்கிச்சு! ஆளுக்கு ரெண்டு தகடு கட்டணும்!"

தையல்காரரின் கை சட்டைப் பைக்குள் போனதைப் பார்த்தேன். சொன்னால் வெட்கக்கேடு, என் கையும் போனது.

"அய்யாவுக்குத் தொத்தாதே?" என்று கேட்டாள் தங்கை.

"எனக்கா? அலையெல்லாம் என் சொல்லைக் கேக்கும்!"

"அப்போ வந்து நில்லுங்க."

அய்யாவுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. லாரி ஓட்டுநர் அன்பாகக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் பந்தோடு மறைந்தார்கள்.

"அது... இந்தப் பொண்ணு இங்கேயே நிக்குது. அதான் இழுக்குது!"

தங்கை வெளியே போய்ப் படிக்கட்டின் கடைசிப் படியில் இறங்கி நின்றாள். அங்கிருந்தே குரல் வந்தது. "அண்ணா, எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. நீங்க அடுக்கி வெச்ச என் பெட்டியைத் தூக்கி அந்த மேசை மேல நிறுத்தி வெச்சுட்டு நகருங்க."

அண்ணன் பெட்டியை நிறுத்திவிட்டு நகர்ந்தார். மறுபடியும் புள்ளி.

"இப்போ?"

"மங்கல்..." என்றது கூட்டம், மெதுவாக.

அவள் மேலே ஏறி வந்தாள். "இரும்புப் பெட்டியும் விழுங்கிடுச்சு அய்யா. இதை எந்த விடுதிக்கு அனுப்பலாம்?"

அப்போதுதான் கேபிள்காரர் சிரித்தார். "இந்த அய்யா வீட்டுல ஆன்டெனாவே கிடையாதே! மாசாமாசம் நான்தானே கேபிளுக்குக் காசு வாங்கப் போறேன்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"யாருமே கேக்கலையே!"

அந்தச் சந்தடியில் அய்யா முழங்கால் வலியை மறந்து இரண்டிரண்டு படியாகத் தாவினார். ஓட்டுநர் விரட்டிப் பிடித்தார். அவர் பையைக் கவிழ்த்ததில் தகடுகள் கலகலவென்று கொட்டின. வாங்கிய காசைத் திருப்பித் தருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார்கள்.

தங்கை ஆன்டெனாவை எடுத்து மர அலமாரியின் உச்சியில் வைத்தாள். அலை ஜன்னல் வழியாக எல்லார் தலைக்கும் மேலே வந்ததால், குறுக்கே யார் நடந்தாலும் படம் அசையவில்லை. அண்ணன் தலை குனிந்து நின்றார்.

"மன்னிச்சுடும்மா."

"படம் போனப்போ ஆன்டெனாவை நகர்த்திப் பாக்கலாம்னு தோணல இல்லண்ணா? என்னை நகர்த்தணும்னு மட்டும் தோணிச்சு." அவள் மேசை மேலிருந்த பெட்டியைக் காட்டினாள். "பெட்டியை நீங்கதானே அடுக்கினீங்க? நீங்களே பிரிங்க."

அண்ணன் பிரித்தார். அத்தனை பேர் முன்னால், ஒவ்வொரு துணியாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரித்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கூட்டம் கலையும்போது தையல்காரர் பவ்யமாக அவளிடம் வந்து, தம் ஆன்டெனாவை இரண்டு கையாலும் நீட்டினார்.

"உன் கை ராசியான கைம்மா. இதையும் ஒரு தடவை தொட்டுக் குடு."

அவருக்குப் பின்னால் வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவை எங்கே வைப்பது என்று அவள் காட்டிவிட்டாள். மூளையை எங்கே வைத்தோம் என்று நாம்தான் தேட வேண்டும். முதலில் பீரோவுக்குப் பின்னால் பாருங்கள்.