பூஜ்யம் வாங்கிய தண்ணீர்

மரியாதைக்குரிய சம்பந்தி காளியப்பன் அவர்களுக்கு, அஸ்தம்பட்டியிலிருந்து சந்திரசேகர் வணக்கத்தோடு எழுதுவது. நானும் கண்ணாத்தாளும் சுகம். உங்கள் மகளும் என் மகனும் ஓசூரில் சுகம். மீன்களின் சுகத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை. போனில் சொல்லலாமென்று மூன்று தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் மூன்று தடவையும் வைத்துவிட்டேன். புனேயில் மகன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறவரைக் கலங்கடிப்பானேன் என்று, ஊர் திரும்பியதும் படிக்கும்படி ராசிபுரம் முகவரிக்கே எழுதுகிறேன்.

ஒரு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொட்டியை ஒப்படைத்தபோது, வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதச் சொன்னீர்கள். முதல் சனிக்கிழமை அப்படியே செய்தேன். அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் இருபது. பிஎச் பதினாலுக்கு ஏழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இரண்டு பாடத்தில் முட்டை, ஒன்றில் இருபது, ஒன்றில் பாதி என்றால் அந்தப் பிள்ளையை அப்படியே விட மனசு வருமா? அதுவும் சம்பந்தி வீட்டுப் பிள்ளை. நீங்கள் வருவதற்குள் எப்படியாவது தேற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

தீனி போதவில்லையோ என்று ஒரு வேளையை மூன்று வேளையாக்கினேன். வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு சேறு பிடித்துக் கிடந்தது. குழாயடியில் வைத்து வெள்ளைவெளேரென்று கசக்கிப் பிழிந்தேன். அடுத்த சனிக்கிழமை அம்மோனியா அரை. அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு! நைட்ரைட்டும் ஒன்று. சந்தோஷத்தில் வரைபடத் தாள் வாங்கிக் கோடு போட்டேன். ஏழு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாரு, எல்லாரும் என்னைக் கும்புடுறாங்க."

"கும்புடுறாப்ல இல்லீங்க. மூச்சு முட்டறாப்ல இருக்குது" என்றாள் கண்ணாத்தாள்.

வாத்தியார் வீட்டில் வாழ்ந்தும் இவளுக்கு ஒரு வரைபடம் படிக்கத் தெரியவில்லையே என்று வருந்தினேன். மறுநாள் காலை, நீங்கள் 'பெரியவன்' என்று கூப்பிடும் வெள்ளை வால் மீன் பக்கவாட்டில் மிதந்தான்.

நோட்டோடு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா கலைமணி ஒரே பார்வைதான் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதென்ன மார்க் சீட்டுங்களா? அம்மோனியாங்கறது மீனு கழிச்ச கழிவுங்க. அது ஏற ஏற மீனு சாவும். இதுல முட்டை வாங்குனாத்தான் பாஸு!"

"அப்ப நைட்ரேட் இருபதுங்க?"

"அது இருக்கலாமுங்க. நாப்பதத் தாண்டுனா தண்ணி மாத்துங்க. பஞ்ச எதுல கழுவுனீங்க?"

"குழாய்த் தண்ணியில."

"கெடுத்தீங்க போங்க! அதுல இருந்த நல்ல கிருமிதானுங்க கழிவைத் தின்னுட்டு இருந்துச்சு. குளோரின் தண்ணியில மொத்தத்தையும் கொன்னுபோட்டீங்களே!"

எனக்குப் புரிந்தவரை ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாணத்தில் எச்சில் இலை எடுக்கிற ஆட்களை அடித்துத் துரத்திவிட்டு, இன்னும் இரண்டு பந்தி கூடுதலாகப் போட்டிருக்கிறேன் சம்பந்தி. ஏழே என்று நான் வருத்தப்பட்ட பிஎச் ஒன்றுதான் நடுநிலையோடு நடந்துகொண்டது.

அன்றிலிருந்து தீனியை நிறுத்தி, தினமும் தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு, குளோரின் போகப் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒன்பதாம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். ஒரு பூஜ்யத்தைப் பார்த்து நான் கண்ணீர் விட்டது அன்றைக்குத்தான். ஆறு பேர் பிழைத்தார்கள். பெரியவனைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன். தொட்டி வெறிச்சென்று இருக்கக் கூடாதே என்று அதே அளவில், அதே வெள்ளை வாலில் ஒன்று வாங்கி விட்டிருக்கிறேன். ஏமாற்ற அல்ல. அதனால்தான் எழுதுகிறேன். எத்தனையோ பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக வெளியே நிறுத்தியவன், உங்களிடம் மறைத்தால் எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டுப் படியேறுவேன்? மன்னிக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
சந்திரசேகர்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், சேலத்தில் ரயில் இறங்கி நேராக நீங்களே வந்துவிட்டீர்கள். புது மீன் கண்ணாடியோரம் வந்தது. "பாருங்க சம்பந்தி, பெரியவன் என்னைய மறக்கவே இல்ல, ஓடியாரான்!" என்று கண் கலங்கினீர்கள். "ஆமாங்க, தினமும் உங்களையேதான் தேடுனானுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை. அடுத்த வாரம் வண்டியோடு வந்து தொட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். உங்களை ராசிபுரம் பஸ் ஏற்றிவிட்டு, தபால் பெட்டி வரை போய், கடிதத்தோடு வீடு திரும்பிவிட்டேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், கண்ணாத்தாள் போட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள்ளவும்.