இணை மீட்பரும் இணை டாக்டரும்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய்

பேரன்புக்குரிய மச்சான் கிளெமென்ட் அவர்களுக்கு ஆம்ப்ரோஸ் எழுதுவது.

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இரண்டாவது வாழ்த்தை நான் விட்டுவிட்டேன் என்று யாராவது உங்களிடம் போனில் சொல்லியிருந்தால், இதோ என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உங்கள் தங்கை சிந்தியாவும் சுகம். இரண்டு சுகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

சனிக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் அவள் தங்கவயலுக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறாள். பெட்டி கட்டியாகிவிட்டது. கிறிஸ்துமஸும் அங்கேதானாம். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. ஆகவே அவள் வந்து சேர்வதற்கு முன்னால் என் தரப்பு உங்களிடம் வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்புக்கு அவள்தான் அட்மின். உங்களுக்குத் தனியாக அனுப்பினாலும் நீங்கள் கை தவறி குரூப்பில் போட்டுவிடுவீர்கள், போன ஈஸ்டருக்கு அப்படித்தான் ஆனது. அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். நவம்பரில் ரோமிலிருந்து வந்த விளக்கக் குறிப்பைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதாவை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமல்ல, மீட்பர் கிறிஸ்து ஒருவரே, மாதா அவருடைய மீட்புப் பணியில் வேறு யாரும் செய்யாத அளவுக்கு ஒத்துழைத்த தாய், இதனால் அவருடைய பெருமை கொஞ்சமும் குறையாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தெளிவான விஷயம். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியம் முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது. பங்குச் சாமியார், “ஆம்ப்ரோஸ் சார், நீங்களே எடுத்துச் சொல்லிடுங்க, உங்களுக்குத்தான் எக்ஸாம்பிள் நல்லா வரும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன்.

முதலில் பஸ் எடுத்துக்காட்டு. பஸ்ஸை ஓட்டுகிறவர் டிரைவர். கண்டக்டர் விசில் கொடுக்கிறார், ஜனங்களை ஏற்றி உட்கார வைக்கிறார், அவர் இல்லாமல் பயணம் இல்லை, ஆனாலும் அவரை இணை டிரைவர் என்று சொல்வோமா என்று கேட்டேன். கூட்டத்தில் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. “நான் விசில் கொடுக்காம அவன் வண்டிய எடுத்துடுவானா சார்? எடுத்துப் பாக்கச் சொல்லுங்க” என்று எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்துவிட்டு, இன்னும் எளிமையாக ஒன்று சொல்லலாம் என்று, எல்லோருக்கும் தெரிந்த என் நெஞ்சு ஆபரேஷனை எடுத்தேன். “என்னைக் காப்பாற்றியது யார்? டாக்டர். சிந்தியா என்ன செய்தாள்? பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள், பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் பெரிய காரியம்தான். அதற்காக அவளை இணை டாக்டர் என்று சொல்லலாமா? கத்தி யார் கையில் இருந்தது?”

எல்லோருக்கும் புரிந்துவிட்டது மச்சான். ஒருவருக்கு மட்டும் தேவைக்கு அதிகமாகவே புரிந்துவிட்டது. சமையலறை வாசலில் டீ தட்டோடு நின்றபடி கேட்டாள்.

“கையெழுத்து போட்டது யாரு?”

“எந்தக் கையெழுத்து?”

“ஆபரேஷனுக்கு. நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. உயிருக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரு பேப்பர நீட்டுனாங்களே, அதுல யாரு போட்டது? உங்க டாக்டர் கத்தியக் கையில வெச்சுக்கிட்டு என் கையெழுத்துக்குத்தான் காத்துட்டு நின்னாரு.”

“அப்பிடிச் சொல்லுங்க மேடம்,” என்றார் கண்டக்டர். “விசில்.”

உண்மையைச் சொன்னால் அது நல்ல பதில். இயேசுவின் பிறப்பை அறிவிக்க வந்த வானதூதரும் மாதாவின் சம்மதத்துக்காகத்தானே காத்திருந்தார்? நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். சம்மதம் மிகப் பெரியது, ஆனால் சம்மதம் வேறு, மீட்பு வேறு என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் டீ தட்டு உள்ளே போய்விட்டது. எனக்கு மட்டும் டீ வரவில்லை.

மறுநாள் காலையில் இட்லி இல்லை. “நான் சும்மா ஒத்துழைச்சவதானே, ஒத்துழைப்புக்கு இன்னிக்கு லீவு” என்றாள். மத்தியானம் ரசம் கேட்டதற்கு, “டாக்டருக்கு போன் போடுங்க, வந்து வெச்சுக் குடுப்பாரு.” கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் செய்ய வாங்கின மைதா பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சந்திரன் பாவம் பார்த்துச் சித்ரான்னம் கொண்டுவந்து கொடுத்து, கதையையும் முழுக்கக் கேட்டுவிட்டு, “சார், எங்க அம்மன் கோயில்ல இந்தத் தகராறே கெடயாது, அம்மாதான் மெயின். நீங்க ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு, நீதான் காப்பாத்துனேன்னு ஒரு வார்த்த சும்னே சொல்லிடுங்க” என்கிறார். எப்படி மச்சான் சும்மாவாவது அப்படிச் சொல்றது? எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவன், பாவம் பார்த்து ஒரு மார்க்கும் கூட்டினதில்லை.

இது போதாதென்று, அவள் என்ன வேண்டுமானாலும் மாதாவிடமே போய்ச் சொல்கிறாளே, மகனிடம் நேராகவும் கேட்கலாம், அவர் ஒன்றும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று நேற்று நல்ல எண்ணத்தோடு சொல்லி வைத்தேன். “கானாவூர் கல்யாணத்துல திராட்சை ரசம் தீந்தப்ப மகன்கிட்ட போய்ச் சொன்னது யாரு?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியின் பூட்டைப் பூட்டினாள்.

ஆகவே மச்சான், அவள் அங்கே வந்ததும் அண்ணன் என்ற முறையில் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. உங்கள் வார்த்தையை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. என் பக்கத்து நியாயத்தை விளக்கி, கிறிஸ்துமஸுக்கு முன் அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள். ஆனால் எடுத்துக்காட்டை வாபஸ் வாங்குவேன் என்று மட்டும் அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சரியான எடுத்துக்காட்டு அது. அதில் நான் உறுதியாக நிற்கிறேன், பட்டினியாக நின்றாலும்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் சார்பில் நெற்றியில் சிலுவை போட்டுவிடுங்கள். உங்களை இறைவன் காப்பாராக. மாதா உங்களுக்காக வேண்டிக்கொள்வாராக. மீண்டும் கவனியுங்கள், இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: உறையை எடுத்த பிறகுதான் உங்கள் புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. “எதுக்கு?” என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். “மகன்கிட்ட நேரா கேளுன்னு எனக்குப் பாடம் நடத்துனீங்க. பக்கத்து ரூம்ல இருக்குற பொண்டாட்டிகிட்ட பேசுறதுக்குத் தங்கவயல்ல இருக்குற எங்கண்ணன் சிபாரிசு வேணுமா?” என்றாள். இதற்கு என்னிடம் எடுத்துக்காட்டு இல்லை மச்சான். நேராகவே சொன்னேன். “டாக்டர்தான் காப்பாத்துனாரு சிந்தியா. ஆனா கண்ணத் தெறந்ததும் நான் தேடுனது டாக்டர இல்ல.” கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். “இத அன்பியத்துல சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். வருகிற ஞாயிறு சொல்லப்போகிறேன். எனவே மேலே கேட்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டாம், சனிக்கிழமை ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள்தான் இங்கே வர வேண்டும், மைதா பாக்கெட் பிரித்தாகிவிட்டது. உறையின் மேல் விலாசம் அவள் கையெழுத்து. அப்படியானால் இந்தக் கடிதத்துக்குத் தானும் இணை ஆசிரியர்தானே என்று கேட்டாள். அப்படிச் சொல்வது பொருத்தமல்ல என்று விளக்க வாயைத் திறந்தேன். அடுப்பில் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. மூடிக்கொண்டேன்.